மிஷின் ஓடுற வீடு

வாங்க, வாங்க. செருப்ப உள்ளயே விட்டுருங்க, வெளிய கிடந்தா தெருநாய் தூக்கிட்டுப் போயிரும். அந்தச் சேருல வேணாம், அதுக்குக் கால் ஆடும், இதுல உக்காருங்க. சத்தத்துக்கு மிரளாதீங்க, அது மிஷினுதான். புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடிக்கிட்டே கிடக்கும். வந்த புதுசுல, என் மண்டைக்குள்ள உக்காந்து யாரோ ஊதுற மாதிரி இருந்துச்சு. இப்ப என்னடான்னா, அந்தச் சத்தம் ஒரு நொடி மாறுனாத்தான் போட்டது போட்டபடி ஓடுறேன்.

டாக்டரம்மா நேத்தே போன் போட்டுச்சு. இந்த மாதிரி பழனியிலருந்து ஒருத்தங்க வருவாங்க, அவங்க வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான், மூச்சுக்கு என்ன வழி பண்றதுன்னு தெரியாம தவிக்கிறாங்க, நீங்க பாத்தவங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல? அம்புட்டுப் படிச்ச புள்ளைக்கே சொல்லத் தெரியலைன்னா இந்தப் பஞ்சவர்ணம் என்னத்தச் சொல்லிருவா? இருந்தாலும் வான்னு சொல்லிட்டேன். இந்த வீட்டுக்கு மனுசங்க வந்தே வெகுநாளாச்சு.

உங்கள நீங்கன்னு கூப்பிட வாய் வரமாட்டேங்குது. எம் மக யமுனா வயசுதான் இருக்கும். நீன்னே சொல்றேன் தாயி, கோவிச்சுக்காத. இரு, பேசிக்கிட்டே காபி போடுறேன். அடுப்படி இங்கதான், எங்க வீட்டுக்காரவுக படுத்திருக்கற ரூமும் இங்கதான், எல்லாமே கைக்கெட்டுற தூரந்தான். கதவு தொறந்தேதான் கிடக்கும், சாத்துறதில்ல, மிஷினு கத்துனா எனக்குக் கேக்கணும்ல. அவுகள அப்புறம் பாக்கலாம். இப்பத் தூங்குறாக.

எங்க வீட்டுக்காரவுக இந்தத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. தெய்வேந்திரன்னு கேட்டுப் பாரு, பிரைவேட் பஸ்ஸு டிரைவரு, கண்டக்டரு, சுண்டல் விக்கிறவன் வரைக்கும் சொல்லுவான். நேரம் ஆனதும் விசில ஊதி, பஸ்ஸு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி, எடு எடுன்னு வெரட்டுற வேலை. தொண்டைன்னா அப்படி ஒரு தொண்டை. பஸ் ஸ்டாண்டுல அவுக கத்துனா பூ மார்க்கெட்டுல திரும்பிப் பாப்பாக. வீட்டுலயும் அதே அதிகாரந்தான். கல்யாண வீட்டுக்குக் கெளம்ப நான் செத்த நேரம் தாமசம் பண்ணுனா, என்னய விட்டுட்டே போயிருவாக. போயிட்டு வந்து, சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு வேற சொல்லுவாக.

அந்த விசில்லதான் மொதல்ல தெரிஞ்சுச்சு. உதட்டுல நிக்கல. காத்து பக்கவாட்டுல போயிருச்சு. அப்புறம் பேச்சு கொழகொழன்னு ஆச்சு. தெய்வேந்திரன் தண்ணியப் போட்டுட்டு வேலைக்கு வர்றாருன்னு ஒரு பேச்சு. பீடி கூடத் தொட்டதில்ல தாயி அந்த மனுசன். நானும் சந்தேகப்பட்டு, தூங்கும்போது வாய மோந்து பாத்தேன்னா பாத்துக்கயேன். அப்புறம் நடக்கையில காலுலருந்து செருப்பு தானா நழுவுச்சு. சட்டை பட்டன் போட முடியல. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில இந்த டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சுச்சு. மூளையிலருந்து சதைக்குப் போற நரம்பு ஒவ்வொண்ணா அவிஞ்சுக்கிட்டே வருமாம். கை, கால், நாக்கு, மூச்சு எல்லாம் போயிருமாம். அறிவு மட்டும் அப்படியே இருக்குமாம், கண்ணு இருக்குமாம். உன் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான சொன்னாக? எதுவரைக்கும் வந்திருக்கு? பேச்சு இருக்கா? இருக்கா. சரி. சரி.

எங்க வீட்டுல வியாதி மூச்சுல கை வைக்கும்போது பேச்சு பாதி இருந்துச்சு. படுத்தா மூச்சு முட்டும், உக்காந்தே தூங்குவாக. காலையில எந்திரிச்சா தலைவலி. டாக்டரம்மா கூப்பிட்டுச்சு. அவுகள வெளிய வீல் சேர்ல விட்டுட்டு, நானும் அவுக அக்கா வேலம்மா மதினியும் உள்ள போனோம். அவரையும் கூட்டிட்டு வாங்க, அவருக்குத்தான மொதல்ல தெரியணும்னு அந்தப் புள்ள சொல்லத்தான் செஞ்சுச்சு. நாந்தான் ஒத்துக்கல. சீக்காளிகிட்ட சாவைப் பத்திப் பேசுவாகளா? நம்ம ஊருல யாரு அப்படிச் செய்றா?

மூணு வழி சொல்லுச்சு. ஒண்ணு, மூக்கு வாயோட சேத்துக் கட்டுற மாஸ்க்கு, அதுக்கு ஒரு சின்ன மிஷினு. மொதல்ல தூங்கும்போது போடணும், போகப்போக பகல்லயும் வேணும். அது மூச்சுக்கு ஒத்தாசைதான், ஒரு கட்டத்துக்கு மேல அது பத்தாது. ரெண்டாவது, கழுத்துல ஓட்டை போட்டுக் குழாயச் சொருகி, மிஷின்ல மாட்டுறது. அப்படி மாட்டுனா வருசக்கணக்குல கூட இருக்கலாம். ஆனா பேச்சு போயிரும், சளிய அப்பப்ப உறிஞ்சி எடுக்கணும், எந்நேரமும் ஒரு ஆளு பக்கத்துலயே கிடக்கணும். மூணாவது, எதையும் மாட்டாம, மூச்சு முட்டுறது தெரியாம மருந்து குடுத்து, நோவு இல்லாம அனுப்பி வைக்கிறது. அனுப்பி வைக்கிறதுன்னு சொல்லல அந்தப் புள்ள, ஏதோ பதமாத்தான் சொல்லுச்சு. எனக்கு மனசுல அப்படித்தான் ஏறுச்சு.

கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. இத இப்பவே முடிவு பண்ணுங்க, அவருக்குப் பேச்சு இருக்கும்போதே அவரக் கேட்டு முடிவு பண்ணுங்க. ஒண்ணும் முடிவு பண்ணாம அவசரத்துல வந்து நின்னா, அங்க இருக்குறவங்க குழாயத்தான் போடுவாங்க. போடுறது சுலபம், எடுக்குறதுதான் பெரும்பாடுன்னு. நல்ல புள்ளதான். ஆனா கல்யாணம் ஆகாத புள்ள. ஏங்க, இருக்கீகளா போறீகளான்னு எந்தப் பொண்டாட்டி போயி புருசன்கிட்டக் கேப்பா? நாக்கு அழுகிப் போயிராதா?

அதனால நாங்க எல்லாரும் கூடிப் பேசுனோம். இங்கதான், நீ உக்காந்திருக்கற எடத்துலதான் வேலம்மா மதினி உக்காந்துச்சு. என் கொழுந்தன் அங்கன சுவத்துல சாஞ்சு நின்னாரு. யமுனா ஓசூர்லருந்து போன்ல. ஆளாளுக்கு ஒண்ணு. மதினி, எந்தம்பி கண்ணால பாத்துக்கிட்டு இருந்தாக்கூடப் போதும், ஓட்டையப் போடுங்கன்னுச்சு. கொழுந்தன், கழுத்தறுத்துட்டு ஒரு வாழ்க்கையான்னாரு. யமுனா அழுதுகிட்டே, அப்பாகிட்டக் கேளுங்கம்மா, அப்பாகிட்டக் கேளுங்கம்மான்னா. அவளுக்கு ஒத்த வரியத் தவிர வேற தெரியாது. அவுக இந்த ரூமுலதான் படுத்திருந்தாக, கதவு தொறந்துதான் கிடந்துச்சு. தூங்குறாகன்னு நெனச்சோம். கடைசியில, இப்போதைக்கு மாஸ்க்கு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு முடிவாச்சு. ஒரு முடிவும் எடுக்கலைங்குறத நாலு பேரு கூடி முடிவு பண்ணுனோம், அம்புட்டுத்தான்.

மாஸ்க்கு நல்ல சாமான், தாயி. அத நான் கொறை சொல்ல மாட்டேன். போட்ட ரெண்டு மூணு நாள்ல அவுக மூஞ்சியில தெளிவு வந்துருச்சு. தலைவலி நின்னுச்சு. மூக்குத் தண்டுல செவப்பாக் கன்னிப்போகும், அதுக்கு நான் பஞ்சு ஒட்டி விடுவேன். மாஸ்க்கக் கழட்டுனா நாலு வார்த்தை பேசுவாக. மத்தவுகளுக்கு வெளங்காது, எனக்கு வெளங்கும். உன் வீட்டுக்காரருக்கும் மொதல்ல அதத்தான் போடுவாக. பயப்படாமப் போடு.

ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கிட்டிருக்கேன். ரசஞ்சோத்தக் கொழைச்சு, ஸ்பூன்ல வச்சு வாய்க்கிட்டக் கொண்டு போறேன், வாயத் தொறக்க மாட்டேங்குறாக. என்னங்கன்னு கேட்டேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னாக. "அன்னைக்கு நீங்க பேசுனது எல்லாம் காதுல விழுந்துச்சு. மாஸ்க்கு போதும். கழுத்துல ஓட்டை போட விட்டுறாத. அதுக்கு மேல ஆச்சுன்னா என்னய விட்டுரு பஞ்சு."

சும்மா கிடங்க, ரசத்த முழுங்குங்கன்னு சொன்னேன். முழுங்கல. சத்தியம் பண்ணுன்னாக. எனக்குன்னா ஆத்திரம். இந்த மனுசன் என்னைக்காவது எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதுண்டா? எல்லாம் அதிகாரந்தான். இப்பக் கேக்குறதப் பாரு, எதக் கேக்குறாகன்னு பாரு. சோறு ஆறுது, அவுக பட்டினியாக் கிடக்காக, வாயத் தொறக்க மாட்டேங்குறாக. நான் என்ன செய்ய முடியும்? சரி, சத்தியம்னு சொன்னேன். கையில அடிச்சுச் சொல்லுன்னாக. எந்தக் கையில அடிக்க? அவுக கை ரெண்டும் துணி மாதிரி மெத்தையில கிடக்கு. நானே அவுக வலது கையத் தூக்கி, என் மடியில மல்லாத்தி வச்சு, நானே அடிச்சேன். அப்புறந்தான் சாப்பிட்டாக. ரெண்டாந்தரம் ரசங் கேட்டுச் சாப்பிட்டாக.

நீ யோசிச்சுப் பாரு, அது சத்தியமா? சத்தியம்னா வாங்குறவுக கை தானா நீளணும்ல? கைய நீட்டுறவுக நீட்டி, அடிக்கிறவுக அடிச்சாத்தான் அது சத்தியம். ரெண்டு பக்கமும் நானே செஞ்சா அது எப்படிச் செல்லும்? அத நானா சொல்லல. நம்ம காளியம்மன் கோயில் பூசாரிகிட்ட ஆள் விட்டுக் கேட்டேன். அவரும் நல்லா யோசிச்சுட்டு, அப்படியும் வச்சுக்கிறலாம்மான்னுதான் சொல்லி விட்டாரு.

அப்புறம் ஒருநா வேலம்மா மதினி தம்பியப் பாக்க வந்துச்சு. மூக்க உறிஞ்சிக்கிட்டே வந்துச்சு. சளி புடிச்சிருந்தா வராதீகன்னு சொல்லிருந்தேன், தம்பி மேல பாசம், வந்து கன்னத்தோட கன்னம் வச்சு அழுதுட்டுப் போச்சு. ரெண்டே நாள்ல அவுகளுக்கு நெஞ்சுல சளி. இரும சத்து இல்ல. மாஸ்க்கு போட்டும் மூச்சு வாங்குது. காலையில இட்லி அவிச்சுக்கிட்டிருக்கேன், என்னமோ சத்தம் மாறுதேன்னு போயிப் பாத்தா ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு கூடத் தெரியல. ஆம்புலன்ஸு வந்து, மதுரைக்குப் போயிச் சேந்தோம். அன்னைக்குன்னு பாத்து நம்ம டாக்டரம்மா லீவு.

வேற ஒரு டாக்டரு. எங்கள முன்னப்பின்னத் தெரியாது. டியூப்பு போடணும், போடவா வேணாமா, சீக்கிரம் சொல்லுங்கம்மான்னாரு. மதினி வாசல்லயே உக்காந்துக்கிட்டு, "எந்தம்பிய இவ கொல்லப் போறா"ன்னு மாருல அடிச்சுக்கிட்டுக் கத்துது. அங்க இருக்குற நோயாளி, நர்சு, கூட வந்தவுக எல்லாரும் என்னயப் பாக்குறாக. நான் போடுங்கன்னு சொன்னேனா, தலைய ஆட்டுனேனா, எனக்கே தெரியல. ஆனா போட்டுட்டாக.

நீயே சொல்லு. கரையில போட்ட மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுற மனுசன எதிர்ல வச்சுக்கிட்டு, வேணாம், விட்டுருங்கன்னு சொல்ல நாக்கு எந்திரிக்குமா? அவுக கண்ணு என்னயேதான் பாத்துச்சு. என்னமோ சொல்ற மாதிரி இருந்துச்சுதான். மூச்சு முட்டுனா யாரு கண்ணும் அப்படித்தான் இருக்கும். அத வச்சு நான் என்னத்தக் கண்டேன்?

மொதல்ல வாய் வழியாத்தான் குழாய். எடுத்துப் பாத்தாக, தானா மூச்சு விட முடியல. மறுபடி போட்டாக. கடைசியில கழுத்துல ஓட்டை போட்டுத்தான் ஆகணும், வேற வழியில்லன்னுட்டாக. லீவு முடிஞ்சு டாக்டரம்மா வந்து பாத்துட்டு, எம் முதுகுல கைய வச்சுச்சு. அவுகளுக்குத் தெளிவு வந்தப்ப நாந்தான் பக்கத்துல நின்னேன். கண்ணத் தொறந்தாக. கூரையப் பாத்தாக. மிஷினப் பாத்தாக. எம் மூஞ்சிக்கு வந்துச்சு கண்ணு. அங்கயே செத்த நேரம் நின்னுச்சு. அப்புறம் மூடிக்கிட்டாக.

களைப்பு. எவ்வளவு பெரிய கண்டத்துலருந்து வந்த உடம்பு.

வீட்டுக்கு வந்தப்புறம் யமுனா லீவு போட்டு வந்து ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டுப் போனா. அவுக கண்ணு மேல பாத்தா ஆமா. சன்னல் பக்கம் பாத்தா இல்ல. அவ வீடியோ போன்ல வந்தா அப்பனும் மகளும் அப்படிப் பேசுவாக பாரு. என்ன சட்டைப்பா போட்டுருக்க, பச்சையா? மேல. குளிச்சாச்சா? சன்னல். பேத்தி வந்து ஆ ஊன்னு கத்தும், கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருப்பாக. ஓரத்துல தண்ணி கோத்துக்கும், நாந்தான் தொடைச்சு விடுவேன். தொடைக்கப் போகையில மூடிக்குவாக.

ஆமா, எங்கிட்ட மூடிக்குவாக. நான் ரூமுக்குள்ள போனா மூடிக்குவாக. அது கோவமெல்லாம் இல்ல. கண்ணு வறண்டு போகுது, அதான். இந்த வியாதியில இமை சரியாத் தட்டாதாம், சொட்டு மருந்து எழுதிக் குடுத்துருக்காக. மருந்து விடுறதுக்கு நாந்தான் இமைய விரிச்சுப் புடிப்பேன், விட்டதும் மூடிக்குவாக. போன்ல மட்டும் எப்படி வறளாதுன்னு பாக்குறியா? போன்ல மக தெரியிறா, ஒரு சந்தோசம், அதுல தாங்கிக்குவாக. நான் எந்நேரமும் கூடவே கிடக்குறவ. கூடவே கிடக்குற பொண்டாட்டிய யாரு கண்ண விரிச்சுப் பாப்பா?

காபி ஆறிறப் போகுது, குடி. சர்க்கரை போதுமா?

நான் இந்த வீட்ட விட்டு வெளிய போயி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பேத்தி பொறந்ததுக்குப் போகல. காது குத்துனதுக்குப் போகல. முக்குக் கடைக்குப் போகணும்னா எதுத்த வீட்டு அக்காவ உக்கார வச்சுட்டு ஓடுவேன், அதுக்கும் இப்ப முட்டுவலி. சளிய உறிஞ்சணும், பெரட்டிப் போடணும், வயித்துக் குழாயில கஞ்சிய விடணும், குழாயச் சுத்தம் பண்ணணும், மறுபடி சளிய உறிஞ்சணும். ஜெயில்ல இருக்குறவனுக்குக் கூட வெளிய விடுற தேதின்னு ஒண்ணு இருக்கும். எனக்கு அந்தத் தேதி வேணும்னு நெனச்சா, அது எதுன்னு எனக்கே தெரியும்ல? அதனால நெனக்கவும் முடியாது. நெனப்புக்குள்ளயும் பூட்டுத்தான். மதினி அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை வந்துச்சு. வாசல்லயே நின்னு பாத்துட்டு, நல்லாப் பாத்துக்க பஞ்சவர்ணம், ஒன்னய நம்பித்தான் இருக்கான்னு சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிருச்சு. மாருல அடிச்சுக்கிட்டுக் கத்துன வாய், அந்த ஒரு வரியோட முடிஞ்சுபோச்சு.

இந்தக் குழாய எடுத்துற முடியாதான்னு ஒருக்கா டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். சும்மா, ஒரு பேச்சுக்குத்தான். அப்படி லேசுல எடுக்க முடியாதும்மா, அதுக்குச் சட்டம் இருக்கு, பல டாக்டருக சேந்து பாக்கணும், எல்லாத்துக்கும் முன்ன அவரு என்ன நெனக்கிறாருன்னு தெரியணும், கேட்டீங்களான்னுச்சு. நான் போன வச்சுட்டேன். எப்பப் பாத்தாலும் கேட்டீங்களா, கேட்டீங்களா.

ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. கோடையில ஒருநாப் பகல்ல கரண்டு போச்சு. டிரான்ஸ்பார்மரு வெடிச்சிருச்சாம். இன்வெர்ட்டரு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் அதுவும் கீன்னு கத்திட்டு அணைஞ்சுபோச்சு. மிஷின்ல உள்ள பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. சத்தம் நின்னுச்சு பாரு, அந்த மாதிரி ஒரு அமைதி நான் கேட்டதே இல்ல. கையால அமுக்கிக் காத்து குடுக்குற பை ஒண்ணு குடுத்துருக்காக. அதக் குழாயில மாட்டி அமுக்குறேன். அமுக்குனா நெஞ்சு எந்திரிக்குது, விட்டா எறங்குது. போன் அந்த அலமாரியில கிடக்கு, எடுக்கணும்னா கைய விடணும். எதுத்த வீட்டுல ஆளில்ல. கத்திப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. கை மரத்துப்போச்சு. அமுக்குறேன், அமுக்குறேன்.

அன்னைக்குக் கண்ணத் தொறந்தாக.

வறட்சி இல்ல ஒண்ணும் இல்ல, நல்லா அகலமாத் தொறந்து என்னயப் பாத்தாக. எவ்வளவு காலங்கழிச்சு. நான் சந்தோசமா, பயப்படாதீங்க, நான் இருக்கேன், விட மாட்டேன்னு சொல்லிக்கிட்டே அமுக்குறேன். எங்கையப் பாத்தாக. அப்புறம் சன்னல் பக்கம் பாத்தாக. மறுபடி எங்கையப் பாத்தாக. மறுபடி சன்னல். திரும்பத் திரும்ப அப்படியே.

கரண்டுக்காரன் வர்றானான்னு பாத்திருப்பாக. பஸ் ஸ்டாண்டுல நின்ன மனுசன்ல, யாரு வர்றா யாரு போறான்னு பாத்துக்கிட்டே இருந்து பழக்கம். இல்லன்னு சொன்னாகன்னு நீ நெனச்சுறாத. நான் ஒண்ணும் கேக்கலையே. கேக்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்லுவாகளா? கரண்டு வந்துச்சு. மிஷினு ஓடுச்சு. அவுக கண்ண மூடிக்கிட்டாக. நான் கட்டிலுக்குக் கீழ உக்காந்து, ஏன்னு தெரியாம ஒரே அழுகை.

இப்ப உனக்கு நான் என்ன சொல்லட்டும்? போடுன்னு சொன்னா, நீ என்னய மாதிரி ஆயிருவ. சின்ன வயசு, சின்னப் புள்ளைய வேற வச்சிருக்க. போடாதன்னு சொன்னா, அந்தப் பாவம் எனக்கெதுக்கு? இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், காதுலயாவது வாங்கிக்க. நாலு பேரு முன்னால போயி நின்னா நீ போடுங்கன்னுதான் சொல்லுவ. யாரா இருந்தாலும் சொல்லுவா. அதனால அங்க போயி நிக்கிறதுக்கு முன்னாடியே, வீட்டுலயே பேசி...

என்ன? என்ன சொன்ன?

உன் வீட்டுக்காரரே அனுப்புனாரா. கழுத்துல குழாயோட இருக்குறவரு எப்படி இருக்காருன்னு நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாரா. அப்படியிருந்தா இருந்துக்கலாமா வேணாமான்னு அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வான்னாரா.

அப்ப நீ என்னயப் பாக்க வரல.

இல்ல இல்ல, உக்காரு. கோவமில்ல. அவரு சரியாத்தான் யோசிச்சிருக்காரு. உள்ள கிடக்குறவுகளுக்குத்தான தெரியும். எங்க வீட்டுல யமுனாவத் தவிர யாருக்கும் அது தோணல. அவுக தூங்குறாக தாயி. களைப்பா இருப்பாக. இன்னொரு நாளைக்கு வேணும்னா... பழனியிலருந்து மறுபடி வர முடியாதுல்ல. ஆமா. புள்ளைய யாருகிட்டயோ விட்டுட்டு வந்திருப்ப.

இரு, எட்டிப் பாக்குறேன்.

முழிச்சுத்தான் இருக்காக. கதவையேதான் பாத்துக்கிட்டு இருக்காக. நாம பேசுனது பூராவும் காதுல விழுந்திருக்கும். நான் தலைய நீட்டுனதும் மூடிக்கிட்டாக. நீ போனாத் தொறப்பாக.

போ தாயி. தலைமாட்டுல ஸ்டூலு கிடக்கு, அதுல உக்காரு, அப்பத்தான் அவுக கண்ணுக்கு நேரா இருக்கும். யாரு, எங்கருந்து வர்றன்னு மொதல்ல சொல்லு, ஒரு மரியாதைக்கு. ஒவ்வொண்ணாக் கேளு, அவசரப்படாத. மேல பாத்தா ஆமா, சன்னல் பக்கம்னா இல்ல. கொறகொறன்னு சத்தம் வந்தா சளி, என்னயக் கூப்பிடு. நல்லா வாய்விட்டுக் கேளு. யாரும் இதுவரைக்கும் அவுககிட்ட அதக் கேட்டதில்ல. கதவ மட்டும் சாத்திக்க. இன்னைக்கு ஒருநா சாத்திக்க. நான் பின்னால தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டுப் பாத்திரத்தப் போட்டுத் தேய்க்கிறேன்.

கேட்டு முடிச்சதும், எங்கிட்ட வராத. சொல்லிக்கிட்டுப் போகணும்னு நிக்காத. செருப்ப மாட்டிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிரு. என்ன சொன்னாகன்னு உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, டாக்டரம்மாகிட்டச் சொல்லு, ஊரெல்லாம் கூடச் சொல்லு. எங்கிட்ட மட்டும் சொல்லிறாத. உன் மூஞ்சியக் கூட எனக்குக் காட்டாமப் போ. நீ போனப்புறம் நான் அந்த ரூமுக்குள்ளதான போகணும் தாயி.